மத்யோ ரோஜாவின் வயது

ஹங்கேரியின் நாட்டுப்புறக் கலை என்றதும் கண்முன் வருவது பூக்கள்தான். கறுப்புத் துணியில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக, ஊசி குத்த இடமில்லாமல் நெருக்கியடித்துப் பூத்திருக்கும் ரோஜாக்கள். புடாபெஸ்ட்டின் பரிசுப்பொருள் கடைகளில் மேசை விரிப்பு முதல் மிளகாய்த்தூள் டப்பா வரை இவற்றின் ராஜ்ஜியம். கடைக்காரர்கள் 'காலங்காலமாக வருவது' என்பார்கள். அந்நாட்டு அருங்காட்சியகங்களில் நிதானமாக நடந்தால் வேறு கதை தெரியவரும். அந்த வண்ணப் பெருக்குக்கு வயது ஏறக்குறைய நூற்றைம்பதுதான். இது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றம் ஏற்படவில்லை. அந்தப் பூக்களை ரசிக்க ஆரம்பித்ததே அதன் பிறகுதான்.

தொடங்க வேண்டிய இடம் புடாபெஸ்ட்டின் வாரோஷ்லிகெத் பூங்காவில் இருக்கும் இனவரைவியல் அருங்காட்சியகம். 1872-இல் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாகப் பிறந்த இது, பல வீடு மாறி, 2022-இல் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. இரு முனைகளும் வளைந்து மேலெழும் கட்டடம். கூரைமேல் தோட்டம், அதில் ஏறி உட்கார்ந்து கதை பேசும் ஊர்மக்கள். பெரும்பகுதி தரைக்குக் கீழே. வெளிச்சுவரைப் போர்த்தியிருக்கும் உலோகச் சல்லடையில் அருங்காட்சியகச் சேகரிப்பின் கோலங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பதித்திருக்கிறார்கள். எனக்கென்னவோ கட்டடம் தன்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறது என்று தோன்றியது. ஆனால் இடம் பொருத்தமானது. 1896-இல் நாடு தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியபோது இதே பூங்காவில்தான் 24 குடியானவர் வீடுகளைக் கட்டி ஒரு மாதிரிக் கிராமத்தையே அமைத்தார்கள். கிராமத்துக் கைவேலையை நகரத்தார் 'தேசியக் கலை' என்று வியந்து பார்க்கப் பழகியதில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்குண்டு.

ஹங்கேரிய உடைகளில் நான் விட்டு நகர மறுப்பது ஸூர் என்ற மேலங்கிக்கு முன்னால். ஆட்டிடையர்களும் மாட்டிடையர்களும் சமவெளிக் குளிரில் தோளில் போட்டுக்கொண்டது. முரட்டுக் கம்பளியை நெய்து, தண்ணீரில் போட்டு அடித்து அடித்துத் தடிப்பாக்கிய துணி. மழை லேசில் உள்ளே இறங்காது. வெட்டு முழுக்க நேர்கோடு. சதுரமும் செவ்வகமுமாக வெட்டியதால் துணி அநேகமாக வீணாவதே இல்லை. கைகளை நுழைக்க யாரும் முயல்வதில்லை, ஏனென்றால் பல ஸூர்களில் கைப்பகுதியின் முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். அது சட்டைக்கை வடிவத்தில் இருக்கும் பை. ரொட்டியும் புகையிலையும் அதற்குள். முதுகில் பெரிய சதுரக் காலர் தொங்கும்.

கிட்டப் போய்ப் பார்த்தால் பூவேலை எல்லா இடத்திலும் இல்லை என்பது தெரியும். காலரின் ஓரம், முன்பக்க விளிம்பு, இடுப்புக்குக் கீழே விரியும் பக்கத்துண்டுகள், இவ்வளவுதான். நடுவே பெரிய வெற்றுப் பரப்பு அப்படியே கிடக்கிறது. ஒருவர் நடந்து வரும்போதும் திரும்பிப் போகும்போதும் எங்கெல்லாம் கண் விழுமோ அங்கே மட்டும் பூ. தைத்தவர்கள் இதையே தொழிலாகக் கொண்ட ஸூர்த் தையல்காரர்கள். அலங்காரத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள்.

பூவேலை ஸூர் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். உடனே அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் போயிற்று. இதை வாங்குவதற்காக இளவட்டங்கள் திருடக்கூடத் துணிகிறார்கள் என்று சொல்லிச் சில மாவட்ட நிர்வாகங்கள் தடையே போட்டன. பெண் கேட்கப் போகிறவன் தன் ஸூரை மறந்ததுபோல் அந்த வீட்டில் விட்டுவிட்டு வருவான். காலையில் அது வீட்டுக்கு வெளியே தொங்கினால் பதில் 'இல்லை'. வாயால் சொல்லி யாரும் யாரையும் நோகடிக்க வேண்டாம். இத்தனை வேலை பார்த்த துணிக்கு அதுவும் ஒரு பயன்.

இனி ரோஜாக்கள். நாட்டின் வடகிழக்கே மெஸோகவெஷ்ட் என்ற ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் மத்யோ மக்களின் பகுதி. அவர்களின் பூத்தையல் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊரில் இருக்கும் பழைய மாதிரிகளை முதலில் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, நீல நூல், அடக்கமான வேலை. 1848-இல் பண்ணையடிமை முறை ஒழிந்து, ஆலை நூலும் செயற்கைச் சாயமும் சந்தைக்கு வந்த பிறகுதான் வண்ணம் வெடித்துப் பரவுகிறது. அதுவும் வசதி பெருகியதால் வந்த வண்ணம் என்று நினைத்துவிடக் கூடாது. மத்யோக்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். கோடையில் கூட்டமாகப் பெரும்பண்ணைகளுக்குக் கூலிக்குப் போனவர்கள். சம்பாதித்ததை உடையில் போட்டார்கள். ஆண்பிள்ளைகளும் நீண்ட பூவேலை ஏப்ரன் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பளபளக்கும் உலோகச் சரிகைக்கு ஆகும் செலவு எல்லை மீறவே, 1920-களில் அந்தச் சரிகைகளைப் பொது இடத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். சரிகை போயிற்று, அது இருந்த இடத்தையும் வண்ண நூல் பிடித்துக்கொண்டது.

இந்தப் பூக்களுக்கு ஆள் பெயரும் உண்டு. துணியில் கோலம் வரைந்து கொடுக்கும் பெண்கள் தனி, தைப்பவர்கள் தனி. வரைந்தவர்களில் புகழ்பெற்றவர் கிஷ் யாங்கோ போரி (1876–1954). அவருடைய ஓலைக்கூரை வீடு இப்போது அருங்காட்சியகம். 'பெயர் தெரியாத நாட்டுப்புறக் கலைஞன்' என்று எழுதிப் பழகிய நம் கைக்கு இது நல்ல திருத்தம்.

தெற்கே கலோச்சா ஊரின் பூத்தையலும் இதே கதைதான். ஆரம்பத்தில் வெள்ளையில் வெள்ளை. துவைத்தால் சாயம் போகாத நூல் கிடைத்த பிறகே வண்ணம். இன்று கடைகளில் குவிந்திருப்பது பெரும்பாலும் கலோச்சா பாணியின் மெஷின் தையல். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இந்தக் கோலங்களின் வேரைக் கிழக்கே தேடியவர்களும் உண்டு. கட்டடக்கலைஞர் லெக்னர் ஓடன் 1896-இல் திறக்கப்பட்ட பயன்கலை அருங்காட்சியகத்தில், ஜோல்நாய் பீங்கான் ஆலையின் மஞ்சளும் பச்சையுமான ஓடுகளுக்குக் கீழே, முகலாய மாளிகையை நினைவூட்டும் வளைவுகளை அடுக்கினார். வரலாறாகப் பார்த்தால் பலவீனமான வாதம். கட்டடமாக அது அபாரம். 2017-இல் புதுப்பிப்புக்காக மூடினார்கள்.

கிழக்கோடு மெய்யான தொடர்பைக் காண பாப்பா என்ற சிறு நகரத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து வந்த க்ளூகே குடும்பம் 1786-இல் நிறுவிய நீலச்சாயப் பட்டறை, 1962 முதல் அருங்காட்சியகம். தரையில் புதைத்த சாயத்தொட்டிகள், அச்சுக்கட்டைகள், குதிரையைப் பூட்டிச் சுற்றவிட்ட பிரம்மாண்டமான இஸ்திரி எந்திரம், எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. ஹங்கேரியில் எனக்கு மிகப் பிடித்த அருங்காட்சியகம் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் முடிந்த பொருளைப் பார்ப்பது ஒன்று. அது உருவாகும் வரிசையில் நடந்து போவது வேறு.

வேலை இப்படி நடந்தது. மரக்கட்டையில் பித்தளைக் கம்பிகளையும் ஊசிகளையும் அடித்துச் செய்த அச்சைப் பசையில் ஒற்றி, வெள்ளைத் துணியில் பதிப்பார்கள். வெண்களிமண், பிசின், மயில்துத்தம் கலந்த அந்தப் பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பசை காய்ந்ததும் துணியை இரும்பு வளையத்தின் கொக்கிகளில், மடிப்பு மடிப்போடு ஒட்டாதபடி மாட்டித் தொட்டிக்குள் இறக்குவார்கள். தொட்டியில் அவுரி நீலம், சுண்ணாம்பு, அன்னபேதி. வெளியே எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் நீலம் ஏறும். வேண்டிய அழுத்தம் வரும்வரை இறக்குவதும் ஏற்றுவதும்தான். கடைசியில் நீர்த்த கந்தக அமிலத்தில் அலசினால் பசை கழன்று வெள்ளைப் பூ தெரியும். பிறகு கஞ்சி போட்டு, கற்களை நிரப்பிய பெரிய மரப்பெட்டி உருளைகள்மேல் ஏறி இறங்க, துணிக்கு மினுமினுப்பு வரும்.

நீலம் தந்த செடி நம் பக்கத்து அவுரி. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் விளைவது. 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அந்த உறவு அறுந்தது. இந்தக் கலை ஹங்கேரிக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஆஸ்திரியா, செக், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஐந்தும் சேர்ந்தே இதைப் பதிவு செய்தன. கிராமங்களில் இளம்பெண்களுக்குப் பூ அடர்ந்த துணி. வயது ஏற ஏறப் பூ சிறுத்து, நீலம் கறுத்துக்கொண்டே போகும். மத்யோ ரோஜா உரக்கச் சொல்வதை இந்தத் துணி தாழ்ந்த குரலில் சொல்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

பாச்சல்மாஷ், டிஸாகேச்கே போன்ற ஊர்களில் பட்டறைகள் இன்றும் இயங்குகின்றன. வாங்க நினைப்பவர்கள் முன்பக்கத்துப் பூவைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். துணியைப் புரட்டிப் பாருங்கள். தொட்டியில் முங்கி எழுந்த துணி பின்பக்கமும் அழுத்தமான நீலமாக இருக்கும். நீலத்தை மேலே அச்சடித்திருந்தால் பின்பக்கம் வெளுத்துத் தெரியும். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.