பரிசு பெற்ற கோடுகள்

நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிய தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த ‘மவுஸ்’ 1992இல் புலிட்சர் பரிசைப் பெற்றது. படங்களால் கதை சொல்லும் கிராபிக் நாவல் என்ற வடிவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அது ‘சிறப்புப் பரிசு’ என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புனைவு, வரலாறு, வாழ்க்கை வரலாறு என்று இருந்த பிரிவுகள் எதிலும் அதை வைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் இரண்டாம் பாகம் புனைவு வரிசையில் இடம்பெற, ஸ்பீகல்மன் கடிதம் எழுதி அதை அபுனைவு வரிசைக்கு மாற்ற வைத்தார். ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸின் ‘வாட்ச்மென்’ 1988இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியதும் ‘பிற வடிவங்கள்’ என்ற தனிப்பிரிவில்தான்.

பின்னர் கதவுகள் திறந்தன. கிறிஸ் வேரின் ‘ஜிம்மி காரிகன்’ 2001இல் கார்டியன் முதல் நூல் பரிசையும், ‘மார்ச்’ மூன்றாம் பாகம் 2016இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதையும் பெற்றன. நிக் டர்னாசோவின் ‘சப்ரினா’ 2018இல் புக்கர் நெடும்பட்டியலுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. டெஸ்ஸா ஹல்ஸின் ‘ஃபீடிங் கோஸ்ட்ஸ்’ 2025இல் நினைவுக்குறிப்புக்கான புலிட்சரை வென்றது. இம்முறை சிறப்புப் பிரிவு தேவைப்படவில்லை.

இருந்தும் எனக்கு ஒரு சந்தேகம். இலக்கியப் பரிசுகள் பெரும்பாலும் பொருளுக்குத்தான் மாலை போடுகின்றன. இனப்படுகொலை, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், அகதி வாழ்க்கை என்று கனமான விஷயம் இருந்தால் போதும், படம் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் இந்த நூல்களின் சிறப்பு படத்தில் இருக்கிறது.

‘மவுஸ்’ இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கம். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிலில் கைதிகளின் இசைக்குழு வாசிக்கிறது. அணிவகுப்பு கடந்து போகிறது. அப்படி ஒரு குழு இருந்ததற்கு ஆவணங்கள் உண்டு என்கிறான் மகன். அங்கிருந்து தப்பிப் பிழைத்த தந்தையோ இசைக்குழு எதுவும் நினைவில் இல்லை என்கிறார். அடுத்த கட்டத்தில் அதே காட்சி. நடந்து போகும் கைதிகள் குழுவை மறைத்து நிற்கிறார்கள். தலைகளுக்கு மேலே இசைக்கருவிகளின் நுனி மட்டும் தெரிகிறது. ஆவணமா, நினைவா என்ற வழக்குக்கு ஸ்பீகல்மன் எழுதிய தீர்ப்பு அந்த நுனிதான். உரைநடையில் இதற்கு ஒரு பத்தி ஆகும். அப்போதும் இவ்வளவு நாசூக்காக வராது.

மர்ஜானே சத்ரபி தன் ஈரானியச் சிறுவயதைச் சொல்லும் ‘பெர்செபொலிஸ்’ நூலிலும் இப்படி ஓர் இடம் உண்டு. வதைத்துத் துண்டாக்கப்பட்ட மனிதரின் உடலைப் பொம்மையைப் பிரித்துப் போட்டதுபோல், உள்ளே வெற்றாக வரைகிறார். வதை என்றால் என்னவென்று அறியாத சிறுமி அதை அப்படித்தானே கற்பனை செய்ய முடியும்?

ஆகவே, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் புக்கர் பட்டியலைக் காட்டுவதில்லை. சித்திரக்கதைத் துறையினரே வாக்களிக்கும் ஐஸ்னர் விருதையும் பிரான்சின் அங்குலேம் விழாப் பரிசுகளையும் பாருங்கள் என்பேன். எமில் ஃபெரிஸின் ‘மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்’ இரண்டையும் வென்றது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் ஒரு சிறுமி பால்பாயிண்ட் பேனாவால் வரைந்ததுபோல் அமைந்த நூல் அது. கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சலில் முடங்கிய கையை மறுபடி வரையப் பழக்கித்தான் ஃபெரிஸ் அதை முடித்தார். முதலில் அதை வாங்குங்கள்.