13ஆ, 40ஆ? ஆழ்மூளைத் தூண்டலின் சிக்கல் கணக்கு

டிபிஎஸ் எனும் ஆழ்மூளைத் தூண்டல் பற்றிய கட்டுரைகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா, முதல்ல இடிக்கிறது எண்கள்தான். பார்க்கின்சன் நோயாளிகள் 156 பேரை வைத்து டாய்ஷல் குழு 2006-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது: தூண்டல் பெற்றவர்களில் 13% பேருக்குத் தீவிரப் பாதிப்பு. 2009-இல் ஜாமாவில் வீவர் குழு, 255 பேர்: 40%. இரண்டுமே ஆறு மாத ஆய்வு. இரண்டிலும் மூளை ரத்தக்கசிவால் ஒருவர் இறந்தார்.

கிட்டத்தட்ட ஒரே ஆபரேஷன், மூன்று மடங்கு வித்தியாசம். அமெரிக்க டாக்டர்களுக்குக் கை நடுங்கிச்சா என்ன? வீவர் ஆய்வில் நாலில் ஒருவர் எழுபதைத் தொட்டவர். அதோட, 'தீவிரம்' என்ற டப்பாவுக்குள் எதையெல்லாம் போடுறோம் என்பதும் இருக்கு. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்குதான்: தொகுதியும் பகுதியும் சொல்லாம சதவீதம் மட்டும் சொன்னா அர்த்தமில்லை. ஒருவருக்கு இரண்டு பக்கமும் கம்பி வைப்பதால், கம்பிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டாலே எண் பாதியாகத் தெரியும்.

ரத்தக்கசிவைக் குறைப்பது பற்றி லண்டனின் ஸ்ரின்ஸோ குழு 2012-இல் எழுதியது நல்ல கட்டுரை. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் கசிவு 5%. நிரந்தரப் பாதிப்பு அல்லது மரணம் 1.1%. வயது, ரத்த அழுத்தம், நுண்மின்முனையை எத்தனை தடவை உள்ளே இறக்குகிறார்கள், பாதை மூளை மடிப்பையோ நீரறையையோ தொடுகிறதா என்று காரணங்களைப் பிரித்துக் காட்டுவது உருப்படியான வேலை. எனக்கு உறுத்துவது ஒன்றுதான். தங்கள் குழுவின் குறைந்த எண்ணை மற்றவர்களின் பழைய எண்களோடு ஒப்பிடுகிறார்கள். எங்க தொழில்ல, ஒரே ரிலீஸ்ல நாலு மாற்றம் பண்ணிட்டு, பிழை குறைஞ்சதுக்கு ஒரு மாற்றத்துக்கு மட்டும் பேர் கொடுத்தா ரிவ்யூவில் விடமாட்டாங்க.

அதனால்தான் மும்பையின் பரேஷ் தோஷி 2011-இல் எழுதிய கட்டுரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைப்பிலேயே 'நீண்டகால', 'கருவி சார்ந்த' என்ற சொற்கள் இருக்கு. நம்ம ஊருக்கு அந்தக் கேள்விதான் சரி. கசிவு வந்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரியும். காதுக்குப் பின்னால் தோலடியில் ஓடும் கம்பிக்கு மேல சிவப்பதும், காரை எலும்புக்குக் கீழ பேட்டரி இருக்கும் இடத்தில் தோல் அரிப்பதும் மாதங்கள், வருஷங்கள் கழிச்சு. அதை முதலில் பார்ப்பவர் அறுவை செய்தவர் அல்ல. காட்டேரிக்குப்பத்துல அது மெடிக்கல் ஷாப்காரராகக்கூட இருக்கலாம். நாலு நாள் மாத்திரையில் அமுக்கி வெச்சா, தொற்று கம்பி வழியா ஏறி, கடைசியில் மொத்தத்தையும் எடுக்க வேண்டிவரலாம். ரீசார்ஜ் இல்லாத பேட்டரி என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு தொற்று வாய்ப்பு.

இன்னொன்று எந்த ஆறு மாத அட்டவணையிலும் இடம்பெறாது. பார்க்கின்சன்காரர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம். பிசியோதெரபி போனா 'டயாதெர்மி' வெப்ப சிகிச்சை கொடுக்கலாம். உடம்புக்குள் டிபிஎஸ் கம்பி இருந்தால் அது கம்பி முனையைச் சூடாக்கி மூளையைப் பொசுக்கிவிடும். பல் பிடுங்கின பிறகு தாடைக்கு டயாதெர்மி வெச்ச ஒரு நோயாளிக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது 2001-இலேயே நியூராலஜி இதழில் பதிவாகியிருக்கு. எந்த அறுவை அரங்கின் கணக்கில் இதை எழுதுவது? டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷில்தான் வருது. வில்லியனூர் பிசியோதெரபி அறையில் அந்தத் தாளை யார் எடுத்து நீட்டுவாங்க?