வலிக்கு எடைக்கல் உண்டா?

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்வெளியில் ஒரு மாலை நேரம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வளர்ற புள்ள, கால் உளையத்தான் செய்யும்" என்றார் பாட்டி. "ஒரு மாசமா இதே பாட்டுத்தான். ஊரு கண்ணு பட்டிருக்கு, வெள்ளிக்கிழமை சுத்திப் போடணும்" என்றார் தாய். என்னுடன் வந்திருந்த நண்பர் நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர். "பார்த்தீர்களா, நம் கிராமத்து ஜனங்கள் பிள்ளைகளின் வலியைப் பெரிதுபடுத்த மாட்டார்கள். என் பையனுக்குத் தலைவலி என்றால் நாங்கள் ஸ்கேன் வரை போய்விடுகிறோம். எல்லாம் பண்பாடு!" என்றார்.

நண்பரின் பேச்சை ஊர் வம்பு என்று தள்ளிவிட முடியாது. குழந்தையின் நாட்பட்ட வலிக்கு இன்ன இனத்துப் பெற்றோர் பதறுவார்கள், இன்ன இனத்தார் பொறுக்கச் சொல்வார்கள் என்று வகை பிரிப்பது ஆராய்ச்சி உலகிலும் வெகுநாளாக நடந்துவரும் காரியம். இயற்பியல் கற்பிப்பவன் நான். எதையும் ஒப்பிடுமுன் அளவுகோலைச் சோதிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிவருபவன். அதே சோதனையை இங்கும் செய்து பார்ப்போம்.

வலிக்கு அளவுகோல் செய்யும் முயற்சியில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. 1940-களில் நியூயார்க்கில் ஹார்டி, வுல்ஃப், கூடெல் என்ற மூவர் ஒரு கருவி செய்தனர். நெற்றியில் கறுப்பு மை பூசி, சக்திமிக்க விளக்கின் ஒளியை வில்லையால் அதன்மேல் குவிப்பார்கள். தோலின் வெப்பம் ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸை அடையும்போது 'சுருக்' என்று வலி தொடங்கும். அங்கிருந்து படிப்படியாக உயர்த்தி, வலிக்கு 'டால்' என்று ஓர் அலகும் வகுத்தனர். மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் கிடைத்த வாழ்வு டாலுக்குக் கிடைக்கவில்லை. விளக்கை மனிதன்மேல் பிடிக்கலாம். ஒரு மாதமாக இரவுதோறும் வரும் கால் வலியின்மேல் எப்படிப் பிடிப்பது?

வகை பிரிக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் மார்க் ஸ்பரோவ்ஸ்கி. 1952-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. யூத, இத்தாலியத் தாய்மார் குழந்தையின் சிறு வலிக்கும் துடித்துப்போவார்கள்; பல தலைமுறைகளாக அமெரிக்காவில் வேரூன்றிய குடும்பத்தார், சின்ன அடிக்கெல்லாம் அம்மாவிடம் ஓடிவராதே என்று பழக்குவார்கள்; பெரியவர்களான பின் அவர்கள் வலியை வெளிக்காட்டும் விதத்துக்கு இதுவே காரணம் என்றார் அவர்.

படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் யாரை வைத்து இதைச் சொன்னார்? மொத்தம் 103 பேர். அவர்களில் 87 பேர் நோயாளிகள். ஆராய்ச்சி நடந்தது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில். வளர்ந்த ஆண்கள் தம் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்ந்து சொன்னவற்றிலிருந்து தாய்மாரின் குணம் வரையப்பட்டது. வலியில் கிடப்பவன் முப்பது ஆண்டுக்கு முந்தைய தாயை எப்படி நினைப்பான் என்பது தனி ஆராய்ச்சிக்குரிய விஷயம். குழந்தையும் தாயும் ஒருசேர இருந்த வீட்டுக்குள் அந்த ஆராய்ச்சி நுழையவே இல்லை.

1965-இல் ஸ்டெர்ன்பாக், டர்ஸ்கி இருவரும் இதே இனப் பிரிவுகளைச் சேர்ந்த இல்லத்தரசிகளுக்குச் சிறு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். உணர்வு தொடங்கும் அளவில் இனங்களுக்குள் வேறுபாடு இல்லை. "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லும் இடத்தில்தான் வேறுபாடு. நரம்பில் பண்பாடு இல்லை, வாயில் இருக்கிறது எனலாம்.

பெற்றோரையும் குழந்தையையும் நேரில் வைத்துச் செய்த நல்ல சோதனை ஒன்று 2006-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் லின் வாக்கரும் குழுவினரும், நாட்பட்ட வயிற்றுவலியுள்ள 104 குழந்தைகளையும் நலமான 119 குழந்தைகளையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து வயிற்றில் அசௌகரியம் உண்டாக்கினர். பெற்றோர் வலியையே விசாரித்துக்கொண்டிருந்தபோது, எந்தப் பயிற்சியும் தராத நிலையைவிட முறையீடு ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், பேச்சைத் திருப்பிய பெற்றோரே தமக்கு இதம் தந்ததாகக் குழந்தைகள் கூறின. வலியுள்ள குழந்தைகளின் பெற்றோரோ, பேச்சைத் திருப்புவதுதான் அதிகக் கெடுதல் செய்யும் என்று எண்ணினர்.

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் இரண்டு பெட்டிகளை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் சங்கடம்தான். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறார் தாய். மிளகாய் வெடிப்பதைப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கிறான். இது வலியைக் கவனிப்பதா, கவனத்தைத் திருப்புவதா? இரண்டுமே. திருஷ்டி நோயைத் தீர்க்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக அதைப் 'பொருட்படுத்தாமை' என்று என் நண்பரைப்போல் எழுதிக்கொள்ள முடியாது.

இன்னொன்று: ஒரு வலிக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாது. அரிவாள் அணுச் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுக்கள் பிறைபோல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்வதால் குழந்தையின் எலும்புகளில் கொடிய வலி திரும்பத் திரும்ப வரும். ஸ்பரோவ்ஸ்கியின் கட்டுரை வந்த அதே 1952-இல்தான் லேமனும் கட்புஷும் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தப் பண்பு இருப்பதை அறிவித்தனர். ஆப்பிரிக்காவிலோ இது வீட்டுப் பேச்சில் இருந்த நோய். கானா நாட்டு மருத்துவர் கொனோட்டே அகுலு 1974-இல் எழுதியபடி, அங்குள்ள மொழிகளில் இதற்கு 'அஹுடுடுவோ', 'ச்வெச்வீச்வெ' என்றெல்லாம் பெயர்கள் உண்டு. குளிர்காலமும் மழையும் வந்தால் வரும் வலி, குடும்பத்தில் தொடரும் வலி என்று பெற்றோர் கவனித்து வைத்திருந்தார்கள். அவர்களைப் பதறுபவர் பெட்டியில் போடுவதா, பொறுப்பவர் பெட்டியில் போடுவதா?

எங்கள் பகுதிக்கு வருவோம். இங்கே உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, குத்தல் வேறு. ஒன்று முதல் பத்துக்குள் எண் சொல் என்று கேட்டால் இந்தச் செய்தி எல்லாம் கரைந்துபோகும். பாட்டி சொன்ன வளர்ச்சி வலியும் பொய்யல்ல. இரு கால்களிலும், மாலையிலோ இரவிலோ வரும். காலையில் பிள்ளை ஓடுவான். வீக்கமோ காய்ச்சலோ இராது. மூட்டு வீங்கினாலோ, வலி மூட்டு மாறினாலோ கதை வேறு. தொண்டைப்புண் வந்த சில வாரங்களில் தோன்றும் ருமாட்டிக் காய்ச்சல் மூட்டைத் தொட்டுவிட்டு இருதய வால்வைக் கெடுக்கக்கூடியது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியப் பயன்படும் சாட்சி தாய்தான். அவர் ஒரு மாதம் தாமதித்ததற்குப் பண்பாடு காரணமா, முந்திரிப் பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருப்பது காரணமா என்று என் நண்பர் கேட்கவில்லை. பெரும்பாலான வகைபிரிப்புகளும் கேட்பதில்லை.

அன்று நான் அந்தத் தாயிடம், "எப்பம்மா வலிக்குதுங்கிறான்?" என்று மட்டும் கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னார்: "ராத்திரி படுத்தப்புறங்க. ரெண்டு காலும். விடிஞ்சா எழுந்து ஓடிடுறான். காய்ச்சல் இல்ல. பத்து நாளைக்கு முன்னாடி மட்டும் எடது முட்டி கொஞ்சம் வீங்குனாப்ல இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே, நாளையே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். நாளைக்கு வேலை இருக்கிறது, வியாழக்கிழமை போகிறேன் என்றார்.