சீட்டை வாங்கும் கை யாருடையது?

மாலையானால் சென்னை மந்தைவெளி மருந்துக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். சீட்டை வாங்கிப் படிக்க ஒருவர், அலமாரியிலிருந்து அட்டையை எடுக்க ஒருவர், பில் போட ஒருவர் என்று கடைக்கு மூன்று நான்கு பேர் நிற்பார்கள். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு” என்று உறையில் குறித்துக் கொடுப்பதும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் மருந்தாளுநராகப் பதிவு பெற்றவர் பல கடைகளில் ஒரே ஒருவர். மற்றவர்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மருந்துகளின் பெயரையும் இடத்தையும் பழக்கத்தில் கற்றவர்கள்.

இந்த உதவியாளர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று இந்தியச் சட்டத்தில் தேடினால் தெளிவான விடை கிடைக்காது. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 42ஆம் பிரிவில், மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு எவரும் மருந்து கலக்கவோ வழங்கவோ கூடாது என்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளோ, 65ஆம் விதியில், மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில் வழங்கலாம் என்று இடம் கொடுக்கின்றன. ஒன்று உதவியாளரை விலக்கி நிறுத்துகிறது. மற்றொன்று மேற்பார்வை என்ற நிபந்தனையோடு உள்ளே விடுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய அன்றாட வேலை நடக்கிறது.

1930இல் கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு நாடு முழுவதும் ஆராய்ந்தபோது, மருந்து கலக்கும் வேலை பெரும்பாலும் முறையான படிப்பில்லாத கம்பவுண்டர்களின் கையில் இருந்தது. பின்னால் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஐந்தாண்டுக்குக் குறையாமல் மருந்து கலந்த அனுபவம் உள்ளவர்களையும் முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. அது ஒருமுறை மட்டும் திறந்த கதவு. இன்று அந்தப் பதிவுக்குக் குறைந்தபட்சத் தகுதி டி.ஃபார்ம். பட்டயம். கடையில் இருபது ஆண்டு நின்றவராக இருந்தாலும், அனுபவத்தை மட்டும் காட்டிப் பதிவு பெற முடியாது.

இலங்கையில் அந்தக் கதவு வேறு விதமாக அமைந்தது. அங்கே மருந்தாளர்களைப் பதிவு செய்வது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவச் சபை. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் மருந்தியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அதோடு இன்னொரு பாதையும் உண்டு. பதிவு பெற்ற மருந்தாளரிடம் பயிலுநராகச் சேர்ந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் தேர்வில் தேறி, மருந்தாளராகப் பதிவு பெறலாம். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளருக்குப் பக்கத்தில் டிஸ்பென்சர் என்ற தனிப் பதவியும் இருக்கிறது. கடைப் பையன் என்ற நிலையிலிருந்து மேலே ஏறப் படி ஒன்றை அந்த நாடு விட்டுவைத்திருக்கிறது.

அதனால் அங்கே குறையே இல்லை என்று ஆகிவிடாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருந்தகங்களுக்கு உரிமம் தருகிறது. அந்த உரிமத்துக்கு மருந்தாளர் வேண்டும். மருந்தாளர் இல்லாத நேரத்தில் உதவியாளரே மருந்து கொடுத்துவிடும் ஆபத்து மந்தைவெளியைப் போலவே கொழும்பின் வெள்ளவத்தையிலும் உண்டு.

எழுதிய மருந்துக்குப் பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்கும் விஷயத்தில் இரண்டு நாடுகளும் பிரிகின்றன. இந்திய விதிப்படி, சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச், எக்ஸ் அட்டவணை மருந்து எழுதிய சீட்டுக்கு, அதே மூலப்பொருள் உள்ளதாக இருந்தாலும் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. “அந்தக் கம்பெனி இல்லைங்க, இதுவும் அதேதான்” என்று உதவியாளர் எடுத்து நீட்டும்போது, பல வேளைகளில் இந்த விதி மீறப்படுகிறது. இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் காலத்திலிருந்தே, மருந்தை அதன் பொதுப்பெயரில் எழுதுவதற்கு அழுத்தம் தரப்பட்டது. இன்றைய சட்டமும் மருத்துவரைப் பொதுப்பெயரை எழுதச் சொல்கிறது. எந்தத் தயாரிப்பு என்ன விலை என்று வாங்குபவருக்கு விளக்குவது மருந்தாளரின் கடமை.

நுண்ணுயிர்க்கொல்லிகளிலும் தூக்கம், பதற்றம் தொடர்பான மருந்துகளிலும் கவனம் இன்னும் கூட வேண்டும். 2014 மார்ச் 1 முதல் இந்தியாவில் இத்தகைய மருந்துகளை உள்ளடக்கி நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன. இவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பதிவேட்டை நிரப்பும் வேலை உதவியாளருக்குப் போகலாம். ஆனால் அந்தச் சீட்டு சரியானதா, அளவு பொருந்துகிறதா, நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு மோதுமா என்று முடிவு செய்வது மருந்தாளுநரின் வேலை.

எல்லைக்கோடு போட முடியாத விஷயம் அல்ல இது. பிரிட்டனில் 2011 முதல் மருந்தக டெக்னீஷியன்களுக்கும் கட்டாயப் பதிவு உண்டு. அவர்களுக்கென்று படிப்பும் பொறுப்பும் தனியே உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மருத்துவர் ஏற்கெனவே எழுதிய மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மருந்தை மாற்றுவது அவர்கள் வேலை அல்ல.

மருந்துக்கடை உதவியாளருக்கும் இப்படி ஒரு வரையறை எழுதலாம். சரக்கு வாங்கி அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காப்பது, பில் போடுவது, மருந்தாளுநர் சரிபார்க்க அட்டைகளை எடுத்து வைப்பது எல்லாம் அவருக்கு. சீட்டைப் படித்து முடிவெடுப்பது, மருந்தை மாற்றுவது, அளவு சொல்வது, பக்கவிளைவை விளக்குவது எதுவும் அவருக்கு அல்ல. 2023இல் வந்த ஜன் விஷ்வாஸ் சட்டம் மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவுக்கான அபராதத்தின் உச்சவரம்பை ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியது. அபராதம் ஏறிவிட்டது; ஆனால் உதவியாளருக்கான பயிற்சியும் மேலே செல்லும் பாதையும் இன்னும் எழுதப்படவில்லை. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு, மலிவு விலையில் மருந்து விற்கும் ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்களை’த் திறந்தது. அந்த மருந்தகங்களின் உதவியாளர்களுக்கு ஒரு பயிற்சியும், பயிலுநர்களாகத் தொடர்ந்து படித்துத் தேறி மருந்தாளுநராகும் வாய்ப்பும் தர அரசு முன்வந்தால், தனியார் கடைகளிடமும் அதையே கேட்க அதற்கு உரிமை வரும்.