பேரனின் கடன்: கோர்க்கியின் தன்வரலாற்று நூல்கள் பற்றிய ஒரு குறிப்பு

பாட்டன் பாட்டியரைப் பற்றிய நினைவுக் கதைகள் பெரும்பாலும் ஏக்கத்திலே தொடங்கி ஏக்கத்திலே முடிவனவாகும். அவற்றிலே முதியோர் மூப்படைவர். பேரன் மட்டும் வளர்வதேயில்லை. வளர்ந்த பேரன் தன் முன்னோரை எவ்வாறு மதிப்பிடல் வேண்டும் என்ற வினாவுக்கு விடை தேடுவோர் மாக்சிம் கோர்க்கியின் (1868–1936) தன்வரலாற்று நூல்கள் மூன்றையும் மீண்டும் பயிலுதல் தகும்.

பாட்டனார் கசீரின் இளமையிலே வொல்கா நதிக்கரையில் வடமிழுத்துப் படகு நகர்த்திய கூலியாள். பின்னர் சாயப்பட்டறை உடைமையாளர். நொடித்துப்போன காலத்தில் மனைவியோடும் கணக்குப் பிரித்துத் தேயிலையைக்கூட எண்ணிப் பங்கிடுகின்றார். தாயை இழந்த சிறுவனைப் பிழைப்புத் தேடுமாறு வெளியே அனுப்புகின்றார். அவரை வெறுங் கொடியவராகச் சித்திரித்தல் எளிது. கோர்க்கி அவ்வாறு செய்தாரல்லர். தோளிலே வடந் தாங்கிய உழைப்பாளியை உடைமை எவ்வாறு உருமாற்றுகின்றது என்பதையே அம்முதியவரிடத்துக் காட்டுகின்றார்.

பாட்டியார் அகுலினாவோ பேரனுக்குக் கதையும் பாடலும் ஊட்டியவர். அவனது முதல் இலக்கிய ஆசான் எனலாம். அவர்மீது கொண்ட பேரன்பு, அவரது பொறுமையைப் போற்றுமாறு கோர்க்கியைத் தூண்டவில்லை. அநீதிக்குப் பணிந்துபோகும் பொறுமை மனிதனைச் சிதைப்பது என்பதே அவர் துணிபு. நேசித்தவரின் பண்பொன்றை நிராகரிக்கத் துணிதல், உணர்ச்சிவயப்பட்ட எழுத்தாளருக்குக் கைகூடாததாகும்.

1887இல் கசான் நகரிலே, அடக்கம் நிகழ்ந்து ஏழு வாரங்களின் பின்னரே பாட்டியாரின் மரணச் செய்தி கடிதமூலம் கோர்க்கிக்குக் கிட்டியது. தேவாலய வாயிலில் யாசிக்கையில் விழுந்து காலொடிந்தவர் அவர், திடகாத்திரமான ஏனைய பேரப்பிள்ளைகளோ அவர் யாசித்த உணவிலேயே வாழ்ந்தனர், வைத்தியரையும் அழைத்தாரல்லர். துயரத்தைச் சொல்லக் கோர்க்கிக்கு எவருமிருக்கவில்லை. குதிரையிடம் துயருரைக்கும் செகோவின் வண்டிக்காரனைப் பின்னாளிலே படித்தபோது, ரொட்டிச்சாலை எலிகளிடமாவது சொல்லியிருக்கலாமே என அவருக்குத் தோன்றிற்று.

1913இல் வெளிவரத் தொடங்கிய முதனூல், அன்று சொல்லப்படாத துயரின் சொல்வடிவமேயாகும். உண்ட பேரர் மறந்தனர். தொலைவிலிருந்த பேரன் எழுதினான். எனினும் எழுத்து அக்கடனை முற்றாகத் தீர்த்துவிடவில்லை. முதியோரை யாசிக்கவைத்த சமூக உறவுகள் மாற்றப்படும்வரை அது தீராத கடனே. நினைவை ஆறுதலாக்காது விசாரணையாக்கியதே கோர்க்கியின் யதார்த்தவாதம். எமது நினைவுக் கதைகள் அவரிடங் கற்கவேண்டியதும் இதுவே.