பங்கும் பங்காளித்துவமும்: அபிவிருத்தி மொழி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

சர்வதேச அபிவிருத்தி பற்றிய எழுத்துக்களிலே கடந்த முப்பது ஆண்டுகளாகத் தலைமை வகிக்கும் சொல் 'பங்காளித்துவம்' என்பதாகும். ஐம்பதுகளிலே 'தொழினுட்ப உதவி' என்றும், எழுபதுகளிலே 'ஒத்துழைப்பு' என்றும் வழங்கிய உறவே இன்று இப்பெயர் பூண்டு நிற்கின்றது. ஆபிரிக்க அபிவிருத்தி குறித்து 1993 இல் தோக்கியோவில் தொடங்கிய மாநாட்டுத் தொடர் இச்சொல்லையும் அதன் இணைச்சொல்லான 'உரித்துடைமை'யையும் முன்னிறுத்திற்று. 2001 இல் ஆபிரிக்கத் தலைவர்கள் வகுத்த திட்டம் தன் பெயரிலேயே 'புதிய பங்காளித்துவம்' என்பதைத் தாங்கியது. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் பதினேழனுள் இறுதியானதும் இதுவே. பெயர் மாறியதுபோல உறவும் மாறிற்றா என்பதே ஈண்டு நமது வினா. இதனை மீன்பிடிக் கரைகளை வைத்து ஆராய முற்படுகின்றோம். நிலத்திலும் ஆலையிலும் யார் எவ்வளவு பெற்றார் என்பது கணக்கேடுகளுள் மறைந்துவிடும். கடற்கரையிலோ பங்கு கண்முன்னே கூறுபோடப்படுகின்றது.

முதலிற் சொல்லை நோக்குவோம். தமிழிலே 'பங்காளி' பழஞ்சொல். பிறப்பினால் ஒரு குடும்பச் சொத்திற் பாகம் கோரும் உரிமை உடையவனே பங்காளி. அவன் அன்பு காட்டவேண்டும் என்ற நியதி இல்லை. அவனோடு வழக்கும் பகையும் வருவதே உலக வழக்கு. ஆயினும் அவனைக் கேளாது காணியை விற்க முடியாது. அச்சொல்லின் உயிர் இந்த மறுப்புரிமையிலேயே உள்ளது. அபிவிருத்தித் தமிழ் 'பங்காளித்துவம்' என்று புதுச்சொல் ஆக்கியபோது உறவின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்குரிமையை விட்டுவிட்டது. அறிக்கைகளின் பின்பகுதிக்குச் சென்றால் கரையில் வாழ்பவனுக்கு வேறொரு பெயர் காத்திருக்கின்றது: 'பயனாளி'. பயனாளி பெறுபவன், அவனது பெயர் பட்டியலில் இருக்கும் அல்லது இராது. ஒரே ஆவணத்தில் அரசும் கொடையாளரும் பங்காளிகளாகவும் மக்கள் பயனாளிகளாகவும் நிற்பதை எவரும் முரணாகக் கருதுவதில்லை.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே, களப்பொன்று கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் இறக்கக்கண்டி. களப்பு மீனும் கடல் மீனும் இவ்வூரின் வாழ்வு. கிழக்குக் கரையின் பழைய கூட்டுத்தொழிலாகிய கரைவலையை அறிந்தவர்க்கு, 'பங்கு' என்பது விளக்க வேண்டாத சொல். வலைக்குரிய சம்மாட்டி ஒருபுறம். வலைவளைக்கத் தோணியிற் செல்வோரும் கரையில் நின்று கயிறிழுப்போரும் மறுபுறம். மடி கரையேறியதும் மீன் அவ்விடத்திலேயே விலைப்படும், செலவு கழிக்கப்படும், எஞ்சியது பங்கிடப்படும். பங்கின் அளவு இடத்துக்கிடம் வேறுபடும். ஆனால் கயிற்றில் கைவைத்த ஒவ்வொருவனும் மடியைக் கண்டிருக்கிறான், விலையைக் கேட்டிருக்கிறான், தனக்குரியது எத்தனையில் ஒன்று என்பதை அறிந்திருக்கிறான். இதனைச் சமத்துவம் என்று புகழ்வது பேதைமை. சம்மாட்டியின் பங்கு பெரிது. முற்பணம் என்னும் கடனால் தொழிலாளியைக் கட்டிப்போடும் வழக்கமும் பரவலானது. அத்தகைய ஏற்றத்தாழ்வினிடையேயும் கணக்கு வெளிப்படையாக இருந்தது என்பதையே நாம் மனங்கொள்ளல் வேண்டும். இந்தக் குறைந்தபட்ச அளவுகோலையேனும் சர்வதேசப் பங்காளித்துவங்கள் எட்டுகின்றனவா?

செனகல் நாட்டின் கதை இவ்விடத்துப் பெரிதும் பொருந்தும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1979 இலேயே செனகலோடு மீன்பிடி உடன்படிக்கை செய்துகொண்டது. ஐரோப்பியக் கலங்கள் அந்நாட்டுக் கடலிற் பிடிக்கலாம். அதற்கு ஈடாகப் பணம் அரசின் திறைசேரிக்குச் செல்லும். 2002 இற்குப் பின் வந்த சீர்திருத்தத்தால் இத்தகைய உடன்படிக்கைகள் 'மீன்பிடிப் பங்காளித்துவ உடன்படிக்கைகள்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. 2013 சீர்திருத்தத்தை அடுத்து 'நிலைபேறான' என்ற அடைமொழியும் முன்னே சேர்ந்தது. நியாயமாகக் கூறுவதாயின் மாற்றம் பெயரோடு நின்றுவிடவில்லை: உள்நாட்டார் பிடிக்காத எச்சத்தையே பிடித்தல் வேண்டும் என்ற விதியும், கொடுப்பனவின் ஒரு பகுதியைத் துறை வளர்ச்சிக்கு ஒதுக்கும் ஏற்பாடும் வந்தன. எனினும் பேச்சுவார்த்தை மேசையில் இருவரே இருந்தனர்: பிரசல்ஸ் ஒருபுறம், டக்கார் ஒருபுறம். கயார், யோவால் முதலிய கரைகளிலிருந்து மரத்தோணியிற் செல்வோர் அம்மேசையில் இல்லை. அவர்களோ தம் வலைகள் ஆண்டுதோறும் இலேசாகி வருவதைக் கண்டனர். 2006 இல் உடன்படிக்கை காலாவதியாயிற்று. 2014 இல் மீண்டது. 2024 நவம்பரில் மறுபடியும் புதுப்பிக்கப்படாது முடிவுற்றது. மீன்வளக் குறைவுக்கு ஐரோப்பியக் கலங்கள் மாத்திரம் காரணமல்ல. பிற நாட்டுக் கலங்கள், மீன்மா ஆலைகள், பெருகிவிட்ட உள்ளூர்த் தோணிகள் ஆகிய யாவும் சேர்ந்தே கடலை வறிதாக்கின. ஆயின் மடியில் என்ன ஏறியது என்பதைக் கரையோரத்தான் காணாத ஓர் ஒப்பந்தத்தில், குற்றம் யாருடையது என்று பிரித்தறியவும் அவனுக்கு வழியில்லை.

கொடையாளர் யாவரும் கொள்ளை நோக்குடையோர் என்று கூறிவிட்டால் விமர்சனம் இலகுவாக முடிந்துவிடும். நோர்வேயின் அனுபவம் அதற்கு இடந்தராது. 1952 இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கேரளத்திலே கொல்லத்துக்கு அண்மையிலுள்ள நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. குடிநீர், சுகாதார நிலையம், இயந்திரப் படகு, பனிக்கட்டி ஆலை என அது மீனவர் வாழ்வை முழுமையாக நோக்கி எழுந்த திட்டம். பத்தாண்டு கழியுமுன் இறால் ஏற்றுமதியும் இழுவைப் படகும் அதன் போக்கைத் திருப்பிவிட்டன. நீண்டகரை செழித்தது, கேரளக் கரையின் பிற பகுதிகளிலோ கட்டுமரக்காரரும் வள்ளக்காரரும் இழுவைப் படகுகளோடு பல்லாண்டு போராட நேர்ந்தது. 1988 இல் வந்த மழைக்கால இழுவைத் தடை அப்போராட்டத்தின் பேறு.

அதே நோர்வே கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில், கலோக்கொல் என்னுமிடத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில் மீன் உறையவைக்கும் ஆலையொன்றைக் கட்டியது. வறட்சியால் மந்தையிழந்த மேய்ப்பரை மீனவராக்குவது நோக்கம். பாலைநிலத்து வெப்பத்தில் மீனைக் குளிர்விக்க ஆகும் மின்செலவு மீன்விலையை விஞ்சிற்று. ஆலை இயங்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நின்றது. பின்னர் ஏரிநீர் பின்வாங்கி, மீன் மிகுந்த பேர்குசன் குடாவே வரண்டது. துர்க்கானா மக்கள் மீனையே அறியாதவர் என்று இக்கதையைச் சொல்வோர் சேர்த்துக்கொள்வது மிகை. ஏரியோரத்து வறியவர்களிற் சிலர் முன்னரே மீன்பிடித்து வந்தனர். ஏரி காலந்தோறும் ஏறி இறங்கும் இயல்பினது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்கப்படாதது அறியாமையாலன்று. கேட்டுத் திட்டத்தை மாற்றவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லாமையாலேயே.

இனி அரசே மக்களின் சார்பிற் பேசுகின்றதே என்ற வாதத்தைக் கவனிக்கவேண்டும். 'உரித்துடைமை' என்ற சொல்லின் ஆதாரம் இதுவே. தன்சானியாவின் ஜூலியஸ் நியரேரே 1967 அருசா பிரகடனத்திலே, அந்நியக் கொடையையும் கடனையும் நம்பி நாட்டைக் கட்டுவது சுதந்திரத்துக்கே ஊறு விளைவிக்கும் என்று எச்சரித்தவர். வளர்முக நாடுகளின் தலைவர்களுள் இத்துணைத் தெளிவோடு சிந்தித்தவர் சிலரே. ஆயினும் அவரது நாடு பின்னர் ஆபிரிக்காவிலே மிகுதியாக உதவி பெற்ற நாடுகளுள் ஒன்றாயிற்று. 'உஜமா' என்னும் கூட்டுவாழ்வின் பெயராலேயே எழுபதுகளின் நடுப்பகுதியிற் பெருந்தொகையான கிராமத்தவர் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டனர். நேர்மையான தலைவர், தன்மானமுள்ள கொள்கை, மனமுவந்து உதவிய நோர்டிக் நாடுகள் என யாவும் அமைந்தும் கிராமத்தவன் பயனாளியாகவே எஞ்சினான் எனில், குறை தனிமனிதரிடத்தில் இல்லை. பங்கின் இலக்கணத்திலேயே உள்ளது.

இறக்கக்கண்டிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையையும் அழித்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் பரிஸ் மாநகரிற் கூடிய கொடையாளரும் பெறுநரும் உதவியின் பயனுறுதி பற்றிய பிரகடனத்தை வெளியிட்டனர். உரித்துடைமை அதன் முதற்கோட்பாடு. அதே காலத்தில் இலங்கைக் கரையோரத்தில் நடைமுறைப்படுத்தப்பட்டது இடைவலய விதி: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் மீளக் குடியமர்தல் கூடாது. இந்த வேறுபாட்டுக்குக் கிழக்குக் கரையோரம் நிறைவான விளக்கம் பெற்றதில்லை. உல்லாசப் பயண விடுதிகளுக்குத் தளர்வு காட்டப்படுகிறதென்ற குறையும் அன்று பரவலாக எழுந்தது. வலையும் வள்ளமும் கரையிலிருக்க, மீனவன் மட்டும் உள்ளே சென்று வாழவேண்டும் என்பது, கமக்காரனை வயலின் எல்லைக்கு அப்பால் குடியிருத்துவது போன்றதன்று, அதனினும் கடியது. வயல் இடம்பெயராது, மீன் திரளோ கரையிலிருந்து கண்டறிந்து அப்பொழுதே வளைக்கப்படவேண்டியது. அவ்வாண்டின் இறுதிக்குள் விதி தளர்த்தப்பட்டது உண்மை. அதற்குள் எத்தனையோ வீட்டுத்திட்டங்களின் இடம் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. வள்ளங்களோ சில கரைகளில் தேவைக்கு மேற்பட்டும், தரங்குறைந்தும் வழங்கப்பட்டன எனப் பின்வந்த மதிப்பீடுகள் ஏற்றுக்கொண்டன. கொடுத்தவர்க்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது. பட்டியலில் எண்ணிக்கை இருந்தது.

அவ்வாண்டிலேயே பங்காளித்துவம் என்ற பெயருக்கு ஓரளவேனும் தகுதியுள்ள முயற்சியொன்றும் நடந்தது. 2005 ஜூன் 24 இல் அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னரான செயற்பாட்டு முகாமைத்துவக் கட்டமைப்பு, திருகோணமலை உட்பட ஆறு மாவட்டங்களில் கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையான நிலப்பரப்புக்கு உரியது. அதற்கெனப் பிராந்திய நிதியம் ஒன்றும், பத்துப்பேர் கொண்ட பிராந்தியக் குழுவும் வகுக்கப்பட்டன. குழுவில் முஸ்லிம்களுக்கு மூன்று இடங்கள் இருந்தன. ஒப்பந்தத்திற் கைச்சாத்திடும் இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே களப்பிற் தொழில் செய்யும் குச்சவெளிப் பகுதிக்கு இக்குறை சிறியதன்று. ஜூலை 15 இல் உயர்நீதிமன்றம் நிதியம் உள்ளிட்ட முக்கிய பகுதிகளை இடைநிறுத்திற்று. கட்டமைப்பு ஏட்டளவில் நின்றது. இதனைத் தேசியவாத அரசியலின் வெற்றி தோல்வியாக மாத்திரம் பேசி வந்துள்ளோம். அதனோடு மறைந்த ஒன்று நம் கவனத்துக்கு உரியது: மாவட்ட மட்டத்திலே பணத்தின் கணக்கை மேசைமேல் வைக்கும் ஓர் ஏற்பாடு. அதன்பின் கொடையாளர் நிறுவனங்கள் தனித்தனியே வந்தன; தனித்தனியே பட்டியல் எழுதின.

பின்னர் பிரான்சிய அபிவிருத்தி முகவர் நிறுவனத்தின் கடனுதவியோடு திருகோணமலை - புல்மோட்டை வீதியும் இறக்கக்கண்டிப் பாலம் உள்ளிட்ட பாலங்களும் புதுக்கப்பட்டன. பாலம் நன்று, களப்பைக் கடக்கச் சிரமப்பட்டவர் எவரும் அதனை மறுக்கார். ஆயின் கடன் என்பது எதிர்காலப் பங்கொன்றை முன்னரே விற்பது. 2022 ஏப்பிரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. சாம்பியா 2020 இலேயே அந்நிலையை அடைந்திருந்தது. இலங்கையின் கடன்கொடுத்த அரசுகளின் குழுவுக்குப் பிரான்சு, இந்தியா, யப்பான் ஆகியன இணைத்தலைமை தாங்கின. சாம்பியாவின் குழுவுக்குச் சீனாவும் பிரான்சும். கடன் பெறும்போது பங்காளிகள் எனப்பட்டோர் திருப்பிச் செலுத்த இயலாதபோது தம் பழம்பெயருக்கு, கடன்காரர் என்ற பெயருக்கு, மீண்டுவிடுகின்றனர். வீதியின் வடகோடியிலுள்ள புல்மோட்டையின் கனியமணலும் இங்கு நினைவிற்கு உரியது. 1957 இற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட நாள்முதல் இல்மனைற்று பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்தது. சாம்பியச் செம்பு பற்றிப் படிக்கும் நம் மாணவர் அதே பாடத்தை இங்கேயே படித்திருக்கலாம்.

இவ்விடத்தே தடை ஒன்று எழக்கூடும். ஊர் என்பது ஒருமுகப்பட்டதன்று; சம்மாட்டிக்கும் கூலிக்கும், உள்ளூராருக்கும் பருவந்தோறும் வாடியமைக்க வரும் அயலூராருக்கும், கரைவலைக்கும் சுருக்குவலைக்கும் இடையே தீராப் பிணக்குண்டு; அங்ஙனமிருக்கக் கொடையாளர் யாரோடு கைச்சாத்திடுவது? தடை வலிதே. ஆயின் பிணக்குடையோர்க்கிடையே பாகம் பிரிப்பதற்கென்றே பங்கு முறை தோன்றிற்று என்பதை அது மறந்துவிடுகின்றது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் ஆதரவில் 2014 இல் ஏற்கப்பட்ட சிறுமீன்பிடி பற்றிய வழிகாட்டி நெறிகள், கரையோரத்தாரின் வழமையான உரிமைகளை மதித்தல் வேண்டும் என்றும், பெருந்திட்டங்களுக்கு முன் அவர்களைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. அவை தன்னார்வ நெறிகள். எந்த அரசையும் கட்டுப்படுத்தா. கரைவலைப் பாடு இன்னாருக்கு உரியது என்பதை ஊர் அறியும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மீன்பிடிச் சட்டம் அனுமதிப்பத்திரத்தின் வாயிலாக அறியும். வெளிநாட்டுக் கடனிலோ கொடையிலோ அமையும் திட்ட ஆவணமொன்று அப்பாட்டுக்காரரையும் கயிறிழுப்போரையும் கைச்சாத்திடுவோர் வரிசையிற் சேர்த்து, செலவுக் கணக்கை அவர்கள் மொழியில் அவர்கள் முன் வைக்கவேண்டும் என்று விதிக்குமாயின், அதனைப் பங்காளித்துவம் என்று அழைப்பதில் நமக்குத் தடையில்லை. அதுவரை 'உதவி' என்ற பழஞ்சொல்லையே வழங்குவது மொழிக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.