உருவகம் உடைந்த இடம்

கண்ணீர் குறித்து நமது விமர்சனச் சொல்லாடலில் ஒரு கூச்சம் உண்டு. ப்ரெக்ட்டைப் படித்த நாளிலிருந்தே, அழவைக்கும் பிரதி சந்தேகத்துக்குரியது. அழுகிற வாசகன் கோபத்தைத் தொலைத்தவன். அதுவும் பதின்வயதினருக்கான காதல் கதை என்றால் கேட்கவே வேண்டாம். 'இதுக்குப் போயா அழுதீங்க தோழர்?' என்பார்கள். அழுதேன். எந்த இடத்தில் அழுதேன் என்பதுதான் இங்கே விஷயம்.

ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' 2012இல் வந்த அமெரிக்க நாவல். ஹேசலுக்கு 16 வயது. தைராய்டில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய். எலும்புப் புற்றில் ஒரு காலை இழந்த அகஸ்டஸுக்கு 17. இண்டியானாபொலிஸில் நோயாளிகள் கூடிப் பேசும் இடத்தில் சந்திக்கிறார்கள், காதலிக்கிறார்கள். அவன் செத்துப்போகிறான். இவ்வளவுதான் கதை.

அழகான சாவு நமக்குப் பழக்கம். 1982இல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டிலும் நோயை மறைத்துக் காதலியை விலக்கும் நாயகர்கள். காதலைப் புனிதமாக்குவதே புற்றுநோயின் வேலை. நோயை உருவகமாக்கும் இந்தப் பழக்கத்தை சூசன் சொன்டாக் 1978லேயே போட்டு உடைத்திருந்தார்.

அகஸ்டஸும் உருவகப் பிரியன்தான். பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொள்வான்: கொல்லும் பொருள் பல்லிடுக்கில் இருக்கிறது, கொல்லும் அதிகாரத்தை மட்டும் அதற்குத் தரவில்லை என்று விளக்கம் வேறு. கடைசிக் காலத்தில் ஓர் இரவு, அந்தச் சிகரெட்டைத் தானே போய் வாங்கவேண்டும் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். பெட்ரோல் பங்க்கில், வயிற்றுக் குழாய் புண்ணாகி, காருக்குள் வாந்தியில் நனைந்து கிடக்கிறான். ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே என்று ஹேசலிடம் கெஞ்சுகிறான். அவள் கூப்பிடுகிறாள். அவன் சாவுக்குக்கூட நான் இப்படி உடையவில்லை. உருவகமெல்லாம் உதிர்ந்து, வெறும் உடம்பு மிஞ்சிய இடம் அது.

உடம்பென்றால் மருந்து; மருந்தென்றால் விலை. ஹேசலின் கட்டிகளை வளரவிடாமல் வைத்திருப்பது ஃபாலன்க்ஸிஃபார் என்ற மருந்து. அப்படியொன்று கிடையாது, இருந்தால் நல்லது என்பதால் தானே உண்டாக்கியதாக நாவலின் கடைசியில் கிரீன் சொல்லிவிடுகிறார். இருவரும் காதலிக்கக் கிடைத்த அவகாசமே அந்த இல்லாத மருந்து கொடுத்ததுதான்.

நாவலின் கவனம் விலையில் இல்லை. நாம் அப்படி இருந்துவிட முடியாது. ரத்தப் புற்றுக்கான க்ளிவெக் மாதத்துக்கு ஏறக்குறைய 1.2 லட்சம் ரூபாய் விற்றபோது, இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 10,000 ரூபாய் அளவில் தந்தன. புதுக் காப்புரிமைக்குக் குறுக்கே நின்ற 3(டி) பிரிவை எதிர்த்து நோவார்டிஸ் வந்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். 2007இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

நாவலின் தலைப்பு குற்றத்தை நட்சத்திரங்கள் மேல் போடுகிறது. அது பாதிதான் உண்மை. நோய் யாருக்கு வரும் என்பது வேண்டுமானால் நட்சத்திரக் கணக்காக இருக்கட்டும். வந்தபிறகு யாருக்கு எத்தனை நாள் என்பது கோர்ட்டிலும் மருந்துக்கடையிலும் முடிவாகிறது. அழுகிற வாசகனைக் கேலி செய்வதை விட்டு, 'எந்த இடத்துல அழுத?' என்று அவனிடம் கேட்டுப் பார்க்கலாம். பேச்சு அங்கிருந்தும் அரசியலுக்கு வரும்.